பழைய கிராமபோனும் இசைத்தட்டும் வாங்கலாமா?

விலைக்கு வாங்கும் மாட்டின் பல்லைப் பிடித்துப் பாராது பணத்தை எண்ணிக் கொடுப்பவர் நம் பக்கத்துச் சந்தைகளில் எவரும் இலர். பானை வாங்கும் மூதாட்டியும் அதனை விரலால் தட்டி ஓசை கேட்டே வாங்குகிறாள். இத்துணை விவேகம் படைத்த நம்மவரே, பழைய கிராமபோன் ஒன்று கண்ணிற் பட்டால், பித்தளைக் குழலின் பளபளப்பிலும், குழலுக்குச் செவி சாய்த்திருக்கும் நாயின் படத்திலும் மயங்கிக் கேட்ட விலையைக் கொடுத்துவிடுகின்றனர். வாங்கி வந்த பெட்டி பாடாமற் போவது ஒரு நஷ்டம். பாடும்பொழுதே தட்டைக் கெடுப்பது அதனினும் பெரிய நஷ்டம். ஆதலின், பழைய ஒலிக்கருவியையும் இசைத்தட்டையும் வாங்குவதா, விடுவதா என்பதை எவ்வாறு ஆராய்ந்து துணிவது என ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சி இப்பொழுது எதற்கு எனச் சிலர் வினவலாம். பாட்டெல்லாம் கைத்தொலைபேசியில் அடங்கிக் கிடக்கும் இக்காலத்தில், மறைந்ததென்று கருதப்பட்ட இசைத்தட்டு மீண்டும் தலையெடுத்திருக்கிறது. அமெரிக்க நாட்டில் 2022ஆம் ஆண்டு விற்பனையான வினைல் தட்டுகளின் எண்ணிக்கை குறுந்தகடுகளின் எண்ணிக்கையை மிஞ்சியது. 1987க்குப் பின் அவ்வாறு நேர்ந்தது அதுவே முதன்முறை. நம் பக்கத்து இளைஞரையும் இவ்வாசை தொட்டிருக்கிறது. விழுப்புரம், சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி ஆகிய திசைகளினின்று இருப்புப்பாதைகள் வந்து கூடும் சந்திப்பு. திண்டிவனமோ சென்னைப் பெருஞ்சாலையில் அமைந்து, புதுச்சேரிக்கும் செஞ்சிக்கும் சாலைகள் பிரியும் ஊர். ஆகவே, சென்னையிற் பழம்பொருள் விற்போரும், புதுச்சேரி மகாத்மா காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையும் இவ்விரண்டு ஊராருக்கும் ஒரு பகற்பயணத்தில் எட்டக்கூடியவை. பழைய வீட்டுப் பரண்களோ இன்னும் அருகில் இருக்கின்றன. பொருள் கிடைப்பது அரிதன்று. தக்க பொருளை அறிவதே அரிது.

தட்டின் வயதே அதன் இயல்பை நிர்ணயிப்பதாதலால், அதன் வரலாற்றைச் சிறிது அறிதல் நலம். எடிசன் 1877இல் ஒலியைப் பதித்து மீட்டுக் கேட்கும் போனோகிராபை இயற்றினார். அதில் ஒலி பதிந்தது ஓர் உருளையின்மேல். பத்தாண்டு கழித்து 1887இல் எமில் பெர்லினர் என்பார் தட்டையான வட்டில் ஒலியைப் பதிக்கும் முறையைக் கண்டு, அதற்குக் கிராமபோன் எனப் பெயரிட்டார். 1902இல் பிரெட் கெய்ஸ்பர்க் என்பார் லண்டன் கிராமபோன் கம்பெனியின் சார்பாகக் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் முதலியோரின் பாட்டைப் பதிவு செய்தார். 1908இல் அந்நகரத்துச் சியால்டாவில் தட்டு அச்சிடும் தொழிற்சாலை ஏற்பட்டது. தமிழ்நாட்டில் ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் 1932இல் நண்பர்களுடன் கூடிச் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, ஓடியன் முத்திரைத் தட்டுகளைத் தென்னாடெங்கும் பரப்பினார். இவையெல்லாம் நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழல்பவை. 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா கம்பெனி 33⅓ சுற்றுச் சுழலும் நீண்டநேரத் தட்டை வெளியிட்டது. மறு ஆண்டே 45 சுற்றுத் தட்டும் தோன்றியது. நம் நாட்டில் 78 சுற்றுத் தட்டு 1960களிலும் வெளிவந்துகொண்டிருந்தது. அதன்பின் வினைல் தட்டே நிலைத்தது. 1980களில் ஒலிநாடா பரவியபொழுது அதுவும் பின்னடைந்தது.

நிற்க. அப்பழைய தட்டுகளில் நாம் விரும்பித் தேடத்தக்கது யாது? எஸ். ஜி. கிட்டப்பா 1906இல் பிறந்து, 1933இல் இளமையிலேயே மறைந்தார். தமிழ்ப் பேசும்படம் 1931இல் தோன்றியபோதிலும் அவர் ஒரு படத்திலும் நடித்தாரில்லை. நாடக மேடையில் நம் முன்னோரை இரவெல்லாம் விழித்திருக்கச் செய்த அக்குரலுக்கு இன்று இசைத்தட்டே சாட்சி. வீணை தனம்மாள் (1867–1938) தம் முதுமையில், 1932இல், கொலம்பியா கம்பெனிக்கு வாசித்தளித்த தட்டுகளாலேயே அவருடைய வாசிப்பின் இனிமையை நாம் அறிகின்றோம். திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி, நாகஸ்வரம் ஒலியாத வீடுகளிலும் புகுந்தது தட்டின் வழியாகவே. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே ஓடும். மணிக்கணக்காக விரியும் இராகத்தை அம்மூன்று நிமிடத்துள் உருக்கி வார்த்த பெருமை அக்கால வித்துவான்களுடையது. இத்தகைய தட்டுகளை வெளியிட்ட நிறுவனங்களிற் பல இன்றில்லை. ஆதலால் வீடுகளிலும் நூலகங்களிலும் எஞ்சியுள்ள படிகளே மூலத்தின் ஸ்தானத்தில் நிற்கின்றன.

இங்குதான் நாம் கருதவேண்டிய முக்கியமான செய்தி பிறக்கிறது. புத்தகம் படிப்பதனால் எழுத்துத் தேய்வதில்லை. தட்டோ, தகாத கருவியில் ஓடுந்தோறும் தேய்கிறது. தட்டின்மேல் உழவுசால் போன்று நுண்ணிய சால் ஒன்று விளிம்பிலிருந்து நடுவரை சுற்றிச் சுற்றிச் செல்கிறது. அச்சாலின் சுவர்கள் ஒலியின் அசைவுக்கேற்ப நெளிந்திருக்கின்றன. ஊசி அந்நெளிவைத் தடவிச் செல்லும்பொழுது தானும் அசைந்து ஒலியைப் பிறப்பிக்கிறது. மழுங்கிய கலப்பை வரப்பைச் சிதைப்பதுபோல மழுங்கிய ஊசி சாலின் சுவரைச் சிதைக்கும். சிதைந்த சுவர் மீண்டும் வளராது. ஆகவே அரிய தட்டை வாங்குபவர் அதற்கு எஜமானர் என்பதைக் காட்டிலும், திருமறை கூறும் உக்கிராணக்காரர் என்பதே பொருந்தும். தம்மிடம் ஒப்புவிக்கப்பட்டதைக் குறைவின்றிக் காக்க இயலுமா என்பதே அவர் முதலிற் கேட்டுக்கொள்ளவேண்டிய வினா.

இவ்வினாவுக்கு விடை காண, இருவகைத் தட்டுகளின் வேறுபாட்டை உணர்தல் அவசியம். 78 சுற்றுத் தட்டு அவலரக்கினால் ஆயது. மரக்கிளைகளில் அரக்குப்பூச்சி சுரக்கும் பிசினைச் சுத்தி செய்து, அவல்போல் தகடாக்கிப் பெறுவது அவலரக்கு. அதனுடன் கற்பொடியும் கரியும் பஞ்சிழையும் சேர்த்து அச்சிடுவர். இத்தட்டு கனமானது, கடினமானது, கை தவறினால் ஓடுபோல் உடைவது. அதன் சால் அகன்றது. அதற்கு, முனை ஓரங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு ஆரமுள்ள ஊசி வேண்டும். வினைல் தட்டு மெல்லியது; உடையாது, ஆனால் எளிதிற் கீறும். அதன் சால் மிகக் குறுகியது. அதற்கு ஆயிரத்தில் ஒரு பங்கு, அல்லது அதனினும் நுண்ணிய ஊசி வேண்டும். சாவி கொடுத்து ஓட்டும் பழைய கிராமபோனில் எஃகு ஊசி தட்டின்மேல் நூறு கிராமுக்கு மேற்பட்ட பாரத்துடன் அழுந்துகிறது; நல்ல மின்கருவியிலோ அப்பாரம் சில கிராமே. எனவே கிராமபோனில் வினைல் தட்டை ஒரேயொரு முறை ஓட்டினாலும் அது பாழாகும். வினைலுக்குரிய நுண்ணூசியை அரக்குத் தட்டில் வைத்தாலோ, அது சாலின் அடியிற் கிடந்து இரைச்சலையே எழுப்பும். எந்தத் தட்டைக் கேட்க விரும்புகின்றோம் என்பதை முன்னர்த் துணிந்து, அதற்கேற்ற கருவியைப் பின்னர்த் தேடுவதே முறை. பலர் இதனைத் தலைகீழாகச் செய்து இடர்ப்படுகின்றனர்.

இனி, விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ உள்ள அன்பர் ஒருவர்க்கு நேரக்கூடிய மூன்று நிலைமைகளை எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

முதலாவது, பழம்பொருட்கடை ஒன்றில் பெரிய பித்தளைக் குழலோடு கூடிய கிராமபோன் விலைக்கு வருகிறது என வைத்துக்கொள்வோம். இவ்வகைப் பெட்டிகளிற் பெரும்பாலானவை பழமையானவை அல்ல. பல பெட்டிகளினின்று கழற்றிய உறுப்புகளை ஒன்றுகூட்டி, புதுக் குழலும் புதுப் பெட்டியும் பொருத்தி, நம் நாட்டுப் பட்டறைகளிலேயே இவை செய்யப்பட்டு அயல்நாடுகளிலும் விலையாகின்றன. எட்டுப்பட்டைப் பெட்டி, பக்கத்தில் ஒட்டிய பெரிய நாய்ச் சின்னம், புத்தம்புதிதாக மின்னும் கனத்த குழல் ஆகியவை ஒருங்கே காணப்படின் ஐயுறுக. அந்நாயின் ஓவியத்தைப் பிரான்சிஸ் பராட் என்னும் ஓவியரிடமிருந்து கிராமபோன் கம்பெனி 1899இல் வாங்கியது உண்மையே. ஆயினும் சின்னத்தின் பழமை பெட்டியின் பழமைக்குச் சான்றாகாது. கூடத்தில் அழகுக்கு வைப்பதாயின் அதனை அழகுப் பொருளின் விலைக்கு வாங்கலாம். பாட்டுக் கேட்பதற்கென்று வாங்குதல் வேண்டா.

உண்மையான பழம்பெட்டி பெரும்பாலும் இத்துணைப் பகட்டாக இராது. 1931இல் வெளிவந்த எச். எம். வி. 102 என்னும் கைப்பெட்டியைப் போன்று, குழல் உள்ளே மறைந்து, மூடியும் பிடியும் உடையதாய்ப் பிரயாணப் பெட்டிபோலவே தோன்றும். இத்தகையதை வாங்கும்பொழுது நான்கு சோதனைகள் செய்க. சாவியை முழுதும் முடுக்குக. இடையில் வழுக்கினாலும், உள்ளே தடதடவென்று ஓசை எழுந்தாலும், சுருள்வில் ஒடிந்திருக்கும், அல்லது அதன் மசகு இறுகியிருக்கும். தட்டினடியில் சிறு கடிதத்துண்டு ஒன்றை நீட்டிக்கொண்டிருக்குமாறு வைத்துச் சுற்றுகளை எண்ணுக. பத்து விநாடிக்குப் பதின்மூன்று சுற்று வருமாயின் வேகம் சரியானது. ஒருமுறை கொடுத்த சாவியில் ஒரு பக்கம் முழுவதும் வேகம் தளராமல் ஓடவேண்டும். இறுதியாக, ஊசி பொருந்தும் ஒலித்தலையை நோக்குக. அதன் உள்ளிருக்கும் இரப்பர் வளையம் காய்ந்து கல்லாகியிருந்தால் பாட்டுக் கரகரக்கும், வளையத்தை மாற்றலாம். ஒலித்தலையின் உலோகமோ ஒலிக்கையின் உலோகமோ வெடித்திருந்தால் திருத்துதல் அரிது. அதனை விடுத்தலே நன்று. எஃகு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்றவேண்டும் என்பதும் நினைவிலிருக்கட்டும். தட்டிலுள்ள கற்பொடி ஒரே ஓட்டத்தில் ஊசியைத் தேய்த்துவிடும். தேய்ந்த ஊசி அடுத்த பக்கத்தைத் தேய்க்கும். சிக்கனம் கருதி ஓர் ஊசியைப் பத்துப் பாட்டுக்குப் பயன்படுத்துவோர் காசில் மிச்சம்பிடித்துப் பொன்னை இழப்பவராவர்.

இரண்டாவது, கலியாணத்துக்கும் திருவிழாவுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டு வந்த கடையொன்று மூடப்பட, அதன் தட்டுகள் கட்டாக விலைக்கு வருகின்றன என்க. இக்கட்டில் நம் ஊர்ப் பெருமை மிகுதியும் இருக்கக்கூடும். விழுப்புரத்தைத் தம் பெயரின் முதலெழுத்தாகக் கொண்ட சிவாஜி கணேசன் முழங்கிய வீரபாண்டிய கட்டபொம்மன் (1959), திருவிளையாடல் (1965) ஆகிய படங்களின் வசனம், தட்டின் வாயிலாக எத்தனையோ கிராமத்துப் பந்தல்களில் ஒலித்தது. ஆனால் யோசித்துப் பார்க்க: ஊர் விரும்பிய தட்டே மிகுதியும் ஓடியிருக்கும், மிகுதியும் ஓடியதே மிகுதியும் தேய்ந்திருக்கும். அன்றியும், புகழ்பெற்ற திரைப்பாடல்களும் வசனங்களும் பிற்காலத்தில் ஒலிநாடாவிலும் குறுந்தகட்டிலும் மீண்டும் மீண்டும் வெளிவந்தவை. தேய்ந்த படியை விடுவதனால் இழப்பு ஏதுமில்லை. அக்கட்டின் அடியில், எவரும் விரும்பிக் கேட்டிராத நாடகப் பாட்டு, கதாகாலட்சேபம், தனிப்பாடல், கீர்த்தனை முதலிய தட்டுகள் கிடக்குமாயின் அவற்றையே முதலில் எடுத்துப் பார்க்க. அவை அதிகம் ஓடாமையால் நல்ல நிலையில் இருத்தல் கூடும். பிற இடங்களிற் கிடையாதனவாக இருத்தலும் கூடும். நாடகம் முழுவதையும் பல தட்டுகளில் அடக்கிய தொகுதியாயின், ஒன்றேனும் குறைகிறதா என எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தட்டைச் சோதிக்கும் வகை எளியது. வெயில் பக்கவாட்டில் விழும்படி தட்டைச் சாய்த்துப் பார்க்க. புதிய அரக்குத் தட்டு கருமையாய் மின்னும். தேய்ந்தது சாம்பல் பூத்துக் காணும். பானையைத் தட்டுவதுபோல் விளிம்பை விரலால் மெல்லத் தட்டுக. நல்ல தட்டு கணீரென்னும், விரிசலுற்றது மொத்தென்னும். மயிரிழைபோன்ற விரிசல் இருந்தாலும் சுற்றுக்கு ஒரு தட்டலாக நிமிடத்துக்கு 78 தட்டல் கேட்கும், ஊசியும் ஊறுபடும். வினைல் தட்டாயின் கீறலை நகத்தால் தடவிப் பார்க்க. நகத்துக்குத் தட்டுப்படாத கீறல் பெரும்பாலும் செவிக்கும் தட்டுப்படாது. சாலுக்குக் குறுக்காகச் செல்லும் கீறல் வெறும் ஓசையை எழுப்பும். சாலோடு ஒட்டிச் செல்லும் கீறலோ ஊசியை ஒரே இடத்தில் நிறுத்திப் பாடிய அடியையே பாடச் செய்யும். கண்மட்டத்தில் தட்டைப் பிடித்து நெளிவு உண்டா என்றும் நோக்குக. உறையின் அழகு உள்ளிருப்பதற்கு உத்தரவாதம் அன்று. உறையொன்றும் தட்டொன்றுமாக மாறியிருப்பதும் உண்டு.

மூன்றாவது, உறவினர் வீட்டுப் பரணில் மின்சார இசைத்தட்டுக் கருவி ஒன்று கிடைக்கிறது. அது எச். எம். வி. பியெஸ்டாவாகவோ, கேரார்டு, பிலிப்ஸ் முதலியவற்றில் ஒன்றாகவோ இருக்கலாம். விலையின்றியே கிடைத்தாலும் அதனை உடனே மின்சாரத்தில் மாட்டுதல் கூடாது. பல ஆண்டு உறங்கிய கருவியின் மின்தேக்கிகள் கெட்டிருக்கும்; வானொலிப் பழுது பார்ப்பவரைக் கொண்டு முதலில் சோதித்தல் வேண்டும். அக்காலக் கருவிகள் சிலவற்றில் ஊசியின் அசைவை மின்னோட்டமாக மாற்றுவது ரொஷேல் உப்பு என்னும் படிகம். அது வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஆற்றாது. நம் கோடையிலும் ஐப்பசி மழையிலும் பரணிற் கிடந்ததாயின் உயிரற்றுப் போயிருத்தலே இயல்பு. சுழற்றும் இரப்பர் வார் தார்போல் உருகியோ அறுந்தோ இருக்கும். இவ்விரண்டையும் மாற்ற வழியுண்டா என விசாரித்தபின்பே கருவியை ஏற்க. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொணர்ந்த பழைய கருவியாயின் இன்னொரு தடையும் உண்டு. அந்நாட்டு மின்சாரம் விநாடிக்கு 60 துடிப்புடையது; நம்முடையது 50. அதனோடு இணைந்து சுழலும் மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும். பாட்டின் சுருதி ஏறத்தாழ மூன்று சுரஸ்தானம் இறங்கிவிடும். மின்னழுத்தத்தை மாற்றும் பெட்டி இக்குறையைத் தீர்க்காது. நீண்டநேரத் தட்டு மூன்று நிமிடத்தில் சரியாக நூறு சுற்று வரவேண்டும் என்பது எளிய அளவுகோல்.

செலவைக் கணக்கிடும்பொழுது கருவியின் விலையை மட்டும் கருதலாகாது. யானை வாங்கினவன் அங்குசத்துக்குப் பேரம் பேசுவானா என்பது பழமொழி. இங்கே அங்குசம் ஊசியே. புது ஊசி, பழுது பார்க்கும் கூலி, ஒலிபெருக்கி, தட்டுகளை வைக்கும் இடம் ஆகிய யாவும் கணக்கில் ஏறவேண்டும். கையிலுள்ள தொகை முழுவதையும் பெட்டிக்கே கொடுத்துவிட்டு, ஊசிக்குக் காசின்றிப் பழைய ஊசியையே வைத்து ஓட்டுபவரிடம் நல்ல தட்டு ஒன்று சேர்வது அத்தட்டின் துர்ப்பாக்கியமே.

வாங்கிய பின்னும் காவல் வேண்டும். தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காமல் புத்தகம்போல் நேராக நிறுத்துக. சித்திரை வெயிலில் பேருந்தின் இன்ஜின் பெட்டிமேலோ, மூடிய மோட்டார் வண்டியினுள்ளோ தட்டை விட்டால் வீடு சேருமுன் அப்பளம்போல் நெளியும். தூசியை மெல்லிய துணியாலும், அழுக்கைச் சிறிது மென்சவர்க்காரம் கலந்த காய்ச்சி வடித்த நீராலும், நடுச்சீட்டு நனையாமல் நீக்குக. அரக்குத் தட்டில் சாராயச் சத்துள்ள எந்தத் திரவமும் படலாகாது. அரக்கு அதில் கரைந்துவிடும்.

இத்தனையும் கேட்டபின், இது நமக்கு ஆகாத காரியம் என ஒருவர் முடிவு செய்வாராயின் அதுவும் நல்ல முடிவே. பாட்டைக் கேட்க வேறு வாயில்கள் உண்டு. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய இசைத்தட்டுகளைச் சேகரித்து வைத்துள்ளது. மும்பையில் 1990இல் தோன்றிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கத்தாரின் முயற்சியாலும், பிரிட்டிஷ் நூலகம் அழிவுறும் ஆவணங்களைக் காக்க நடத்தும் திட்டத்தின் உதவியாலும், ஓடியன், யங் இந்தியா முத்திரைத் தட்டுகள் பல மின்வடிவிற் பதிவாகியுள்ளன. ஆகவே கேட்கும் ஆசை ஒன்றே உடையவர் அவ்வாறு கேட்டு மகிழலாம். பாட்டன் வைத்துச்சென்ற தட்டுகளைக் காக்க இயலாதவர் அவற்றை எடைக்குப் போடாமல், ஒரு பட்டியல் எழுதி, காக்கவல்ல நூலகத்துக்கு அறிவித்தல் பெரும் உபகாரமாகும். அப்பட்டியலில் எவர் குரல் வெளிப்படும் என்பதை யாரே அறிவார்?

ஆகவே, வாங்க எண்ணும் அன்பர் மூன்று வினாக்களுக்கு விடை கூறிக்கொள்ளுக. நான் கேட்க விரும்புவது இத்தட்டிலன்றி வேறெங்கும் கிடையாததா? என் கருவியும் ஊசியும் இத்தட்டுக்குத் தீங்கு செய்யாதனவா? பழுதும் காவலும் உட்பட முழுச் செலவையும் தாங்க என்னால் இயலுமா? மூன்றுக்கும் ஆம் என்னும் விடை கிடைக்குமாயின் தயங்காது வாங்குக. அத்தட்டு தக்க கையிற் சேர்ந்ததாகும். முதல் வினாவுக்கு மட்டும் ஆம் என்று விடை கிடைத்தால், தட்டை வாங்கி ஓட்டாமல் வைத்திருந்து, நல்ல கருவி உடையாரிடம் கொடுத்து ஒருமுறை மின்வடிவிற் பதிவு செய்துகொள்க. மூன்றுக்கும் இல்லை என்பதே விடையாயின், பித்தளைக் குழல் எவ்வளவு மின்னினும் கையைப் பையினின்று எடாது திரும்பிவிடுக. நம் முன்னோர் மூன்று நிமிடத்துள் அடக்கி நமக்கு விட்டுச்சென்ற நாதம், நம் கையில் தேயாமல் நமக்குப் பின்வருவோர்க்கும் செல்லவேண்டுமன்றோ?